மாடே இல்லாத மாட்டுக்கறி ஏன் இல்லை?

சோயாவில் செய்த கோழிக்கறி வந்துவிட்டது. பட்டாணிப் புரதத்தில் செய்த மட்டன் கொத்துக்கறி வந்துவிட்டது. ஆவடியில் குளிர்பெட்டி வைத்திருக்கிற பெரிய கடைகளில் இலைப் படம் போட்ட அட்டைப் பெட்டிகளில் இவற்றை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சேக்காட்டிலிருந்து சி.டி.எச். ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். நான் போனேன். ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் படித்தேன். சிக்கன் இருக்கு, மட்டன் இருக்கு, கீமா இருக்கு, கபாப் இருக்கு. பீஃப் இல்லை. தேடிப் பார்த்தும் ஒரு பெட்டிகூட இல்லை.

இந்தப் பெட்டிகள் எதிலும் கோழி கிடையாது, ஆடும் கிடையாது. எல்லாம் சோயா, கோதுமை, பட்டாணி. அதே சோயாவை மாட்டுக்கறி ருசிக்குப் பக்குவம் பண்ணினால் எந்த மாடும் சாகப்போவதில்லை. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குப் பேர் வாங்கித் தந்ததே மாட்டுக்கறி பர்கர்தான். இங்கே வந்து இறங்கியதும் மாடு மட்டும் எப்படிக் காணாமல் போனது? உயிரைக் கொல்வதுதான் குற்றம் என்றால், உயிரே இல்லாத மாட்டுக்கறியை விற்பதற்கு என்ன கூச்சம்? போலி செய்கிற இடத்தில்கூடத் தீண்டாமை வேலை செய்கிறது. ஜீவகாருண்யம், சூழலியல், ஆரோக்கியம் என்று இந்தப் பண்டத்துக்குப் பின்னால் வரிசையாகச் சொல்லப்படும் காரணங்களை இந்த இடத்தில் நின்றுதான் நாம் விசாரிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பரம்பரையாகக் கறி தின்னாதவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. "கறி மாதிரியே வாசனை வருது, குமட்டுது" என்றார் ஒரு அம்மா. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கறி தின்கிற சாதி இந்துக்கள்தான். சனிக்கிழமை கூடாது, கிருத்திகை கூடாது, புரட்டாசி முழுக்கக் கூடாது. நாக்கு கேட்கிறது, சாமி தடுக்கிறது. அந்த இடைவெளியில் இந்தப் பெட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு வந்துபோகிற கம்ப்யூட்டர்க்காரப் பிள்ளைகள் சிலருக்கு இது நாகரிகம். எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு. தள்ளுவண்டியில் பீஃப் பக்கோடா போடுகிற அண்ணன் சொன்னார்: "கறி வேணும்னா கறியத் தின்னு. சோயா வேணும்னா சோயாவத் தின்னு. கோழிய விட அதிகமா காசு குடுத்து பொய்ய ஏன்டா வாங்கணும்?"

சோயாவோடு எனக்குச் சண்டை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மீல் மேக்கரை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். கறி எடுக்கக் காசில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெந்நீரில் ஊறப்போட்டு, பிழிந்து, கறி மசாலாவிலேயே குழம்பு வைத்துத் தின்று வளர்ந்தவன் நான். அதைக் 'கறி' என்று யாரும் எங்களிடம் விற்கவில்லை. தமிழ்ச் சமையலுக்கும் போலி புதிதில்லை. வாழைக்காயில் சைவ மீன் குழம்பு வைக்கிறார்கள், பச்சைப்பயறை அரைத்து சைவ ஈரல் என்கிறார்கள், வாழைப்பூவில் கோலா உருண்டை பிடிக்கிறார்கள். ஈழத்தில் காய்கறிக்கே மரக்கறி என்றுதான் பெயர். கறியின் ருசி வேண்டும், கறியின் பேர் வேண்டும், கறி தின்கிற ஆள் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது என்பது நம் ஊர்ச் சமையற்கட்டில் ரொம்ப நாளாக இருக்கிற சங்கதி. இன்றைக்கு அது கம்பெனியாகியிருக்கிறது. நடிகர் ரித்தேஷ் தேஷ்முக்கும் ஜெனிலியாவும் 2021-ல் ஒரு கம்பெனியை ஆரம்பித்தார்கள். 2022-ல் விராட் கோலியும் அனுஷ்கா சர்மாவும் இன்னொன்றில் முதல் போட்டார்கள். அதே ஆண்டில் டாடாவும் ஐ.டி.சி.யும் இறங்கின.

பெயர் அரசியலை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். 2014-ல் இந்தியப் பதிவாளர் நாயகத்தின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொன்னது: தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் கறி, மீன், முட்டை சாப்பிடுகிறவர்கள். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாதவர்களின் சாப்பாட்டுக்கு 'சைவம்' என்று ஒரு சமயத்தின் பெயர். மிச்சம் உள்ள அத்தனை பேரின் சாப்பாட்டுக்கும் 'அசைவம்', அதாவது 'அது அல்லாதது'. பெரும்பான்மைக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது.

பாலுக்கு வந்தால் நிலைமையே வேறு. சோயாவிலிருந்தும் பாதாமிலிருந்தும் எடுக்கிற பானங்களைப் 'பால்' என்று சொல்லி விற்கக்கூடாது என்று 2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பால் பசுவிடமிருந்து, எருமையிடமிருந்து வரவேண்டும், அந்தப் பெயர் புனிதம். கோழியே இல்லாததைச் சிக்கன் என்று விற்பதற்கு அப்படி ஒரு பதற்றத்தை நான் பார்க்கவில்லை. 'தாவர' என்று முன்னால் ஒரு சொல் ஒட்டினால் போதும். பால்காரருக்கு ஒரு நியாயம், கறிக்கடை பாய்க்கு இன்னொரு நியாயம்.

அடுத்தது ரத்தம். 2016 ஜூலையில் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் இம்பாசிபிள் ஃபுட்ஸ் கம்பெனியின் பர்கர் முதன்முதலாகப் பரிமாறப்பட்டது. சோயாச் செடியின் வேர்முடிச்சில் இரும்பைச் சுமக்கிற ஒரு புரதம் இருக்கிறது. அதன் மரபணுவை ஈஸ்டில் ஏற்றிப் பெருக்கி, அதைக் கலந்து, வெட்டினால் சிவப்பாகக் கசிகிற பர்கரைச் செய்தார்கள். உலகமே கைதட்டியது. அதே 2016 ஜூலை 11-ஆம் தேதி குஜராத்தில் உனா பக்கத்தில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைச் சட்டையைக் கழற்றி, வண்டியில் கட்டி, இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அடித்ததைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். சோயாவில் ரத்தம் வரவைத்தால் அது விஞ்ஞானம். செத்த மாட்டைத் தொட்டால் நம்முடைய ரத்தம் தெருவில்.

எங்க ஆயா மாட்டுக்கறியை நீளநீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கோத்து உப்புக்கண்டம் போடும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மழைக்காலத்துக்கு அதுதான் சேமிப்பு. பிள்ளை பெற்ற பொம்பளைக்குச் சுவரொட்டி வாங்கியாந்து சுட்டுக் கொடுக்கும். "ரத்தம் ஊறும்டா" என்று சொல்லும். ஆட்டு ரத்தத்தைப் பொரித்துக் கொடுக்கும். தாவரத்தில் இருக்கிற இரும்பைவிடக் கறியில் இருக்கிற இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும் என்று இன்றைக்குப் புத்தகம் சொல்கிறது. பி12 என்கிற வைட்டமின் செடிகொடியில் கிடையாது, தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ரத்தசோகைக்காரர்கள். இந்த நாட்டில் போய்க் கறியைக் குறை என்று பிரச்சாரம் செய்கிறவர் முதலில் எந்தப் பெண்ணின் தட்டைப் பார்த்துவிட்டு வந்தார்?

ஆடு மாடு விடுகிற மூச்சால் பூமி சூடாகிறது என்கிறார்கள். மனிதர்களால் வெளியாகும் வெப்பவாயுவில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் கணக்குச் சொன்னது. இதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு ஆள் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் கறி தின்கிறான். இந்தியாவில் சராசரியாகப் பத்துக் கிலோகூடக் கிடையாது. அதிலும் நம் சேரிக்கு வருவது பெரும்பாலும் உழுது ஓய்ந்த மாடு, பால் வற்றிய எருமை. அந்த மாட்டை வளர்த்தது பால் வியாபாரம். நெய்யும் தயிரும் வெண்ணெயும் மேலே போகும், கறி எங்களிடம் வரும், பாவமும் எங்கள் கணக்கில் ஏறும். தின்றவன் குற்றவாளி, கறந்தவன் கோமாதா பக்தன். இது என்ன கணக்கு?

சேக்காட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டுப் போனேன். வீட்டுக்காரர் நல்லவராகத்தான் பேசினார். "நான்வெஜ் எல்லாம் தாராளமா சமைச்சுக்குங்க தம்பி, நாங்களே சாப்புடுவோம். ஆனா 'அது' மட்டும் வேணாம்" என்றார். 'அது'! பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த 'அது'தான் கடைப் பெட்டியிலும் இல்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனி கைகழுவுமிடம் என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது, எதிர்ப்புக் கிளம்பியதும் அகற்றப்பட்டது. 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரில்! மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. விழாவே தள்ளிப்போனது. தனி வாசல், 'அது' என்கிற சாடை, பீஃப் இல்லாத பிரியாணி விழா, பீஃப் இல்லாத சோயாப் பெட்டி. எல்லாம் ஒரே பட்டறையில் அடித்த ஆணிகள்.

நம் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வருகிறது, அதையும் தட்டிக் கழிக்கக்கூடாது. என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கறியையும் பாலையும் இரண்டையும் விட்டுவிட்டாள். "சித்தப்பா, வலி எல்லா உயிருக்கும் ஒண்ணுதானே. நம்ம வலிய பேசுற நாம அதோட வலிய பேசக்கூடாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் தட்டு, அவள் முடிவு. அதே பெண் இன்னொரு நாள் கோபமாக வந்தாள். கூடப் படிக்கிற பெண் அவளிடம், "நீ இதெல்லாம் சாப்புட மாட்டியா? உன்னப் பாத்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியல" என்று பாராட்டியிருக்கிறாள். இவள் திருப்பிச் சொன்னாளாம்: "எங்க ஆயா பெரிய கறி தின்னுதான் எங்கப்பாவ வளர்த்துச்சு. நானும் அந்த ஆளுதான்."

இந்த வித்தியாசத்தைத் தோழர்கள் மனதில் வைக்க வேண்டும். அம்பேத்கர் 1927-ல் மகாத்தில் சாவுமாட்டுக்கறியை விடுங்கள் என்று நம் மக்களிடம் கேட்டார். ஊரார் நம் தலையில் கட்டிய இழிவை உதறச் சொன்னார். அவரேதான் 1948-ல் தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலில், பார்ப்பனர்களும் ஒரு காலத்தில் மாட்டுக்கறி தின்றவர்கள்தான் என்று எடுத்துக்காட்டி, மாட்டுக்கறியைத் தீண்டாமையின் வேரோடு சேர்த்துப் பார்த்தார். இழிவை உதறுவது ஒன்று. சாதி இந்துவின் பாராட்டுக்காகத் தட்டைக் கழுவுவது வேறொன்று. என் அண்ணன் மகள் முதலாவதின் பக்கம் நிற்கிறாள். பச்சை அட்டைப் பெட்டி நம்மை இரண்டாவதின் பக்கம் கூப்பிடுகிறது.

இது வெறும் கடைச் சரக்கு, பிடித்தவன் வாங்கட்டும் என்று விட்டுவிட முடியுமா? முட்டைக்கு நடந்ததைப் பாருங்கள். 2015-ல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்க அன்றைய முதலமைச்சர் மறுத்தார். 2021-ல் கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை என்றதும் மடங்கள் எதிர்த்தன. தமிழ்நாட்டில் 2010-லிருந்து சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை கிடைக்கிறது. அது போராடிச் சேர்த்த சொத்து. 'அதே புரதம், அதே ருசி, கொலை இல்லை' என்று சொல்லிக்கொண்டு நாளைக்கு ஒரு பொட்டலம் முட்டையின் இடத்துக்கு வராது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? காசுள்ளவனுக்கு அது விருப்பம். சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கிற பிள்ளைக்கு அது கட்டளையாகிவிடும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. சத்துணவு முட்டையில் யாரும் கை வைக்கக்கூடாது. விடுதிகளில் என்ன கறி என்பதை மாணவர்கள் தீர்மானிக்க வேண்டும், மாட்டுக்கறி கேட்டால் மாட்டுக்கறி போட வேண்டும். அரசு நடத்துகிற எந்த உணவு விழாவிலும் பீஃபுக்குக் கடை உண்டு என்று எழுதி வைக்க வேண்டும். வீட்டு வாசலில் நின்று சட்டியில் என்ன வேகிறது என்று மோப்பம் பிடிக்கிற உரிமை எவனுக்கும் கிடையாது. சோயாவைச் சோயா என்று விற்கட்டும், நாங்களும் வாங்கித் தின்போம்.

கருணையைப் பற்றிப் பேச வருகிற கம்பெனிக்காரர்களுக்கும் விலங்கு நேயர்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். அதே சோயா, அதே பட்டாணி, அதே மசாலா. அதில் 'மாட்டுக்கறி' என்று தமிழில் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஆவடி கடையில் கொண்டுவந்து வையுங்கள். எந்த மாடும் சாகாது. அப்போது எவன் கொடி பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கு வருகிறான் என்று சேர்ந்தே பார்ப்போம்.