இரண்டு திரைகள்

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி செல்லும் நெடுஞ்சாலையருகே, சிறுவாச்சூரில் கோயில் கொண்டிருக்கிறாள் அருள்மிகு மதுரகாளியம்மன். திங்கள், வெள்ளிக் கிழமைகளிலும் சில விசேஷ நாள்களிலும் மட்டுமே அன்னையின் நடை திறக்கும். குரும்பலூரிலிருந்து பேருந்தேறிச் செல்லும் பெரியோர் இந்நாள்களைக் கணக்கிட்டே புறப்படுவர். மற்ற நாள்களில் அடைத்த கதவைக் கண்டு எவரும் அன்னையைக் குறை கூறுவதில்லை. நடை திறந்த நாளிலும் அலங்காரம் நிறைவுறும்வரை சந்நிதியில் திரை தொங்கும். அது வஞ்சனையன்று, மரியாதை.

கைப்பேசியின் முகத்துக்கும் தமிழில் திரை என்றே பெயர். ஆனால் சந்நிதித் திரை மறைத்துக் காக்கிறது. இந்தத் திரையோ வீட்டில் உள்ளதனைத்தையும் ஊருக்குக் காட்டிவிடுகிறது.

குரும்பலூரில் ஒரு முதிய தம்பதியர் இருப்பதாகக் கொள்வோம். மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். பேரனின் முதலாண்டு நிறைவுப் படத்தைப் பாட்டி முகநூலில் பதிகிறார். பெயர், நட்சத்திரம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் அதில் உண்டு. கோயிலில் அர்ச்சகரிடம் மெல்லச் சொல்லும் செய்திகள் அவை. தாத்தாவோ, காசி யாத்திரைக்கான ரயில் பயணச்சீட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார். வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது. இருவரிடமும் கள்ளமில்லை, மகிழ்ச்சியைப் பகிரும் எண்ணமே உண்டு.

ஆனால் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொண்டே வங்கிகள் வாடிக்கையாளரை அடையாளம் காண்கின்றன. சிதறிக் கிடக்கும் இவற்றைக் கோத்தெடுப்பவன், ஒருநாள் காவல் அதிகாரி வேடத்தில் அழைக்கிறான். பேரனின் பெயரையும் மகன் வாழும் நாட்டையும் அவன் பிழையின்றிச் சொன்னால், முதியவர் அவனை நம்பிவிடுவார். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்போருக்கு இத்தகைய விவரங்களே ஆயுதம். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதனை எடுத்துரைத்தார்.

தன் விவரம் தன் வசமே இருக்க வேண்டும் என்பது நீதிமன்றமும் ஏற்ற நெறி. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012-இல், தம் 86 வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். அவ்வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர். முதியவர் ஒருவர் நாட்டினர் அனைவருக்கும் பெற்றுத்தந்த உரிமை அது. எனினும், தம் கையாலேயே திறந்துவிடும் கதவைச் சட்டம் வந்து சாத்தாது.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். மறைத்துக் காக்க வேண்டியவை ஒன்பது என்கிறது ஹிதோபதேசம்: வயது, செல்வம், வீட்டின் குறை, மந்திரம், தாம்பத்தியம், மருந்து, தவம், தானம், அவமானம். இன்றோ பிறந்த தேதி, புதிய நகை, மருத்துவ அறிக்கை, அன்னதான இலைமுன் அமர்ந்த ஏழையின் முகம் யாவும் வெளியாகின்றன. கொடுத்தவரின் பெயர் ஓங்க, பெற்றவரின் மானம் குறைகிறது. ஊரறிய அறிவித்து நோற்கும் விரதத்தில் எண்ணம் இறைவனிடம் இருக்கிறதா, வந்து சேரும் ‘லைக்’குகளின் கணக்கில் இருக்கிறதா என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

ஆதலால் கைப்பேசியை வெறுக்க வேண்டியதில்லை. யாத்திரைப் படங்களை வீடு திரும்பிய பின் உறவினருக்கு மட்டும் அனுப்பலாம். குழந்தையின் சிரிப்புக்குப் பிறந்த தேதி துணை வேண்டுவதில்லை. விடுதியில் ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலைத் தரலாம். ஓ.டி.பி. எண்ணை, உபதேசம் பெற்ற மந்திரம்போல் எவரிடமும் உரைக்கலாகாது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. ஒன்பதில் அவமானமும் உண்டு; ஆயினும் ஏமாந்த அவமானத்தை மறைத்தல் கூடாது. பிள்ளைகள் கடிந்துகொள்வார்களோ என்று அஞ்சி மௌனம் காக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே உதவும். உடனே 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். பிள்ளைகளிடமும் சொல்லுதல் வேண்டும்.

சந்நிதியில் திரை விலகும் கணத்தில் அடியாரின் கண்கள் நிறைவது, அதுவரை அது மூடியிருந்தமையாலும்தான். இல்லத்துக்கும் அவ்வாறொரு திரை இருக்கட்டும். அதை யாருக்காக, எப்போது விலக்குவது என்பது இல்லத்தாரின் கையில் இருக்கட்டும்.