தேயிலைக்குப் பாதை உண்டு, தொழிலாளிக்கு மனை இல்லை

2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பிறகு இலங்கைப் பொருளாதாரம் குறித்த விவாதம் அந்நியச் செலாவணிக் கையிருப்போடு நின்றுவிடுகிறது. அச்செலாவணியை ஈட்டித்தரும் மலையகத்தில் நிலம் யாருடையது என்ற கேள்வி எழுவதே இல்லை.

கொழும்பிலிருந்து 1867இல் கண்டியை எட்டிய ரயில்பாதை 1924இல் பதுளைவரை நீண்டது. முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் துறைமுகம் சேர்வதே அதன் முதன்மை நோக்கம். அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரில் பெரும்பகுதியினர் நிலமற்ற தலித்துகள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கியது. ஆயினும் லயன் அறைகளில் வாழ்வோருக்கு அந்த மண்ணில் பட்டா இல்லை.

வலங்கைமான் வட்டார விவசாயத் தொழிலாளருக்கு இந்நிலை புரியாததன்று. மிராசுதார் மனையில் குடிசை இருந்தவரை, கூலி உயர்வு கேட்பவர் குடியிருப்பையும் பணயம் வைத்தே கேட்க வேண்டியிருந்தது. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968இல். குடியிருப்போருக்கே மனையை உரிமையாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1971இல் வந்தது. அது சாகுபடி நிலம் தரவில்லை. வெளியேற்றிவிடுவோம் என்னும் மிரட்டலின் சட்டவலுவைப் பறித்தது.

மலையகத்திலும் நாட்கூலிக் கோரிக்கையோடு மனையுரிமைக் கோரிக்கையும் இணைய வேண்டும். குடியிருக்கும் இடம் முதலாளியின் கையில் இருக்கும்வரை கூலிப் பேச்சுவார்த்தை சமமானவர்களுக்கிடையே நிகழ்வதாகாது.