காதாற் கேட்பதும் பொய்

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதர்க்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை மோட்டார்க் காரின் எஞ்சினுக்கும் பொருந்தும் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். ஆயினும், இக்காலத்து எஞ்சினுக்குக் காது உண்டு. அக்காது தவறாகக் கேட்பதும் உண்டு.

பெற்றோல் எஞ்சினில், காற்றும் பெற்றோலாவியும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் நெருக்க, பிளக்கின் தீப்பொறி அதனைப் பற்றவைக்கின்றது. சுவாலை சிலிண்டர் முழுவதும் ஒழுங்காகப் பரவுதல் வேண்டும். வெப்பமும் அழுத்தமும் அளவு மீறினால், சுவாலை சென்றடையுமுன்னரே எஞ்சிய கலவை தானாகவே ஒரே கணத்தில் எரிந்துவிடும். அப்போதெழும் அழுத்த அலை, சுத்தியல் கொண்டு அடித்தாற் போலச் சிலிண்டரை அதிரச் செய்யும். இதுவே தட்டல் எனப்படும். இது கடுமையாகி நீடித்தால் பிஸ்டன் உடையும், அன்றேல் உருகும்.

86 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டரில் இவ்வதிர்வு செக்கனுக்கு ஏறத்தாழ 6,500 முறை நிகழும். எஞ்சினின் உடலிலே முடுக்கப்பட்டுள்ள ஒரு சிறிய உணரி இதனைக் கேட்கின்றது. அதனுள் இருப்பது, அழுத்தத்துக்குள்ளானால் மின்னைப் பிறப்பிக்கும் பொருளாகும். இவ்வியல்பினை 1880 இல் பிரான்சு நாட்டுச் சகோதரர்களான பியர் கியூரியும் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். உணரி முறையிட்டதும், வண்டியின் கணினி தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்யும். தட்டல் அடங்கும், ஆனால் வலு குன்றும், எக்சோஸ்ட் அதிகம் சூடேறும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. உணரி அறிவது அதிர்வை மட்டுமே. அதன் காரணத்தை அன்று. எது வழக்கமான ஓசை, எது தட்டல் என்பதைத் தொழிற்சாலைப் பொறியியலாளர் அந்த எஞ்சினைப் பரிசோதித்தே வகுத்துள்ளனர். உரிமையாளர் பாகங்களை மாற்றினால் ஓசையும் மாறுகின்றது. அடித்து உருவாக்கிய வலிய பிஸ்டன்களுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி விடுவது வழக்கம்; ஆகவே எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அவை சிலிண்டர்ச் சுவரில் மோதும். புதிய எக்சோஸ்ட் குழாய் வண்டியின் சட்டத்தில் உரசும். இவற்றையும் உணரி தட்டலென்றே அறிவிக்கலாம்.

உற்பத்தியாளரே எதிர்கொண்ட சிக்கல் இது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1992 ஆம் ஆண்டுக் கொர்வெட் காரில் எல்.ரீ.1 என்னும் 5.7 லீற்றர் எஞ்சினைப் பொருத்தியது. 1996 இல் அதனினும் வலிய, 330 குதிரை வலுக் கொண்ட எல்.ரீ.4 வெளிவந்தது. அதன் வால்வுகளைத் திறக்கும் நெம்புகோல்கள் உருளை பூட்டப்பட்டவை. அவற்றின் ஓசைக்கு ஏற்பத் தட்டலை இனங்காணும் மின்சுற்றும் மாற்றப்பட்டது. பின்னர், தம் பழைய எல்.ரீ.1 எஞ்சின்களை மாற்றியமைத்தோர் பலர் அம்மின்சுற்றையே வாங்கிப் பொருத்தினர். பொய்த் தட்டல் அடங்கியது உண்மையே. ஆனால், சோதியாது பொருத்துவது காதிற் பஞ்சடைப்பதற்கு ஒப்பாகும். மெய்த் தட்டலும் கேளாது போகலாம்.

அவ்வாறாயின் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதெவ்வாறு? கியர் இல்லாத நிலையில், பாரமின்றி எஞ்சினை வேகப்படுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் முறைப்பாடு எழுந்தால் அது பெரும்பாலும் பொய்யே. பாரமின்றித் தட்டல் எழுவது அரிது. இதுகாறும் 92 ஒக்டேன் பெற்றோல் ஊற்றிய வண்டிக்கு 95 ஒக்டேன் ஊற்றலாம். தீப்பொறியின் நேரத்தை இரண்டு மூன்று பாகை பிந்த வைக்கலாம். முறைப்பாடு குறைந்தால் அது மெய். சற்றும் மாறாது அதே வேகத்தில் எழுந்தால் பொய்யென ஐயுறலாம். குளிரில் எழுந்து சூடேறியதும் மறைவது பிஸ்டனின் மோதலாகலாம். பிளக்கைக் கழற்றி அதன் வெண்பீங்கானையும் நோக்குதல் வேண்டும். அதிலே நுண்ணிய அலுமினியப் புள்ளிகள் காணப்படின் பிஸ்டன் அரிக்கப்படுகின்றது. இனி ஐயத்துக்கு இடமில்லை.

பொய்யென்று தெளிந்த பின்னரும், முதலில் திருத்த வேண்டியது ஓசையின் மூலத்தையே. தளர்ந்த தகடு, உரசும் குழாய், சரியான அளவில் முடுக்கப்படாத உணரி ஆகியவற்றைப் பார்த்த பின்னரே உணரியின் கூர்மையைக் குறைக்கலாம்.

பொய்யை மெய்யென நம்பினால் நாம் இழப்பது சிறிது வலுவும் சிறிது பெற்றோலுமே. மெய்யைப் பொய்யென ஒதுக்கினால் இழப்பது எஞ்சினையே. ஆகையால், பொய்யென்று நிறுவப்படும் வரை ஒவ்வொரு முறைப்பாட்டையும் மெய்யென்றே கொள்ளுதல் வேண்டும். வண்டியின் வேகத்தைக் கூட்ட விரும்பும் இளைஞர்கள் முதலிற் பயில வேண்டிய பாடம் இதுவென்பது நம் கருத்து.