கூண்டில் ஏற்றப்பட்ட பாட்டு

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், திருட்டு வண்டி ஒன்றை மடக்கிய நெடுஞ்சாலைக் காவலரை இளைஞர் ஒருவர் சுட்டுக் கொன்றார். ராப் பாடகர் டூபாக் ஷகூரின் முதல் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டே அவர் வண்டி ஓட்டி வந்தார் என்றும், போலீஸைச் சுடும் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் மனம் திரிந்தது என்றும், ஆகவே மரண தண்டனை வேண்டாம் என்றும் அவருடைய வழக்கறிஞர்கள் மன்றாடினார்கள். அன்றைய துணை அதிபர் டான் குவெயில், அந்த ஆல்பத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டும் என்று முழங்கினார். ஜூரிகள் மசியவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2005-இல் நிறைவேற்றவும்பட்டது. கொல்லப்பட்டவரின் குடும்பத்தார் இசை நிறுவனத்தின் மீது தொடுத்த இழப்பீட்டு வழக்கையும் 1997-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் அன்றே ஏற்க மறுத்த அந்த வாதத்தை அரசியல்வாதிகளும் காவல் துறைகளும் இன்றுவரை கைவிடவில்லை. ராப் இசை இளைஞர்களை வன்முறைக்குத் தள்ளுகிறது என்ற குற்றச்சாட்டு, முப்பது ஆண்டுகளாக நாடு விட்டு நாடு பயணம் செய்துகொண்டிருக்கிறது. நம் நாட்டுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது.

ராப் இளைஞர்களின் வாழ்க்கையில் செல்வாக்குச் செலுத்துகிறதா என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், செலுத்துகிறது. அவர்கள் உடுத்தும் உடை, பேசும் பேச்சு, பணத்தையும் வீரத்தையும் பெண்களையும் பார்க்கும் பார்வை எல்லாவற்றிலும் அதன் சாயல் உண்டு. ஆனால், அது கொலைகாரர்களை உருவாக்குகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்குப் பொருத்துவதில்தான் கோளாறு தொடங்குகிறது. அப்படிப் பொருத்துகிறபோது துப்பாக்கி, போதைப்பொருள், வேலையின்மை, காவல் துறை அத்துமீறல் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் ஓசையின்றி நழுவிவிடுகிறார்கள். பாடியவன் மட்டும் கூண்டில் நிற்கிறான்.

கும்பல் வாழ்க்கையைப் பாடும் 'கேங்ஸ்டா ராப்' எந்த மண்ணில் முளைத்தது என்பதைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேச முடியாது. 1980-களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் தென்பகுதியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த வெற்றிடத்தில் 'கிராக்' எனப்படும் மலிவான கோகைன் புகுந்தது. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வசதியானவர்கள் பயன்படுத்திய தூள் கோகைன் 500 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் கிடைக்கும் குறைந்தபட்ச ஐந்தாண்டுச் சிறை, ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் புழங்கிய கிராக் வெறும் 5 கிராம் அப்படி வைத்திருந்தாலே கிடைக்கும் என்றது அது. நூறுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைக் குறைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கும்பல்களை ஒடுக்குகிறோம் என்று லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறை 1988 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போனது. அவர்களில் பெரும்பாலோர் மீது எந்த வழக்கும் நிற்கவில்லை. அடுத்த சில மாதங்களில்தான் காம்ப்டன் பகுதி இளைஞர்களின் என்.டபிள்யூ.ஏ. குழு தன் முதல் பெரிய ஆல்பத்தை வெளியிட்டது. அதில் காவல் துறையை நேரடியாக ஏசும் பாட்டு ஒன்று இருந்தது. 1989-இல் எஃப்பிஐ-யின் உயர் அதிகாரி ஒருவர் இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். பாட்டில் சொல்லப்பட்ட புகார் உண்மையா என்று விசாரிக்க யாரும் கடிதம் எழுதவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1991 மார்ச்சில், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலிஸ் காவலர்கள் சூழ்ந்து நின்று அடித்து நொறுக்கும் வீடியோவை உலகமே பார்த்தது. பிறகு அமைக்கப்பட்ட கிறிஸ்டோபர் ஆணையம், காவலர்களில் கணிசமானோர் தொடர்ந்து வரம்பு மீறிப் பலத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், மேலதிகாரிகள் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை என்றும் எழுதியது. பாட்டு சொன்னதைத்தான் ஆணையம் நாகரிகமான மொழியில் சொன்னது. அந்தக் காவலர்கள் 1992 ஏப்ரல் 29 அன்று விடுவிக்கப்பட்டதும் நகரம் பற்றி எரிந்தது. 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் கலவரத்துக்கும் ராப்பைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. முன்கூட்டியே எச்சரித்த குரலையே குற்றவாளியாக்கியது அது.

கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் 1991-இல் ஒரு லட்சம் பேருக்கு 9.8 என்ற அளவில் கொலைகள் நடந்தன. அந்த ஆண்டு ஜூனில்தான் என்.டபிள்யூ.ஏ.-வின் அடுத்த ஆல்பம் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1993-இல் ராப் பாடகர் ஸ்னூப் டாகின் முதல் ஆல்பம் வெளியான வாரத்திலேயே முதலிடத்துக்குப் போனது. கறுப்பினப் பகுதிகளைத் தாண்டி, வசதியான புறநகர்களின் வெள்ளையின இளைஞர்களும் இந்த இசையைப் பெருமளவில் வாங்கினார்கள். குற்றச்சாட்டு உண்மையென்றால் அதன் பிறகு ரத்த ஆறு ஓடியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு: 2000-இல் கொலை விகிதம் 5.5 ஆக இறங்கியது. 2017-இல் ராப் அடங்கிய ஹிப்-ஹாப்/ஆர்&பி வகை இசை ராக்கை முந்தி அமெரிக்காவில் மிக அதிகம் கேட்கப்படும் இசையானது; அப்போதும் விகிதம் 1991-இன் உயரத்தை எட்டவில்லை. 2020-இல், பெருந்தொற்றும் துப்பாக்கி விற்பனையும் ஒருசேர எகிறிய ஆண்டில், கொலைகள் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடி, பின்னர் மீண்டும் குறைந்தன. அந்த ஏற்றத்தையோ இறக்கத்தையோ இசை ரசனையைக் கொண்டு விளக்க முடியாது. ராப்தான் குற்றத்தைக் குறைத்தது என்று நான் சொல்லவரவில்லை, அது அபத்தம். ஆனால் கோடிக்கணக்கானோர் கேட்ட ஒரு இசை கொலைவெறியைப் பரப்பியிருந்தால் இந்த எண்களில் அதன் தடம் எங்கேனும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

எதிர்த்தரப்பிடம் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையாகாது. 2003-இல் கிரெய்க் ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனைகள், வன்முறைப் பாடல் வரிகளைக் கேட்டவர்களின் மனத்தில் பகைமை எண்ணங்கள் கூடுவதைக் காட்டின. ஆனால் ஆய்வகத்தில் சில நிமிடங்கள் எழும் எரிச்சலுக்கும் தெருவில் துப்பாக்கி தூக்குவதற்கும் நடுவே நெடுந்தூரம் உண்டு. மேலும் அந்தச் சோதனைகளில் பயன்பட்டவை ராப் பாடல்கள் மட்டும் அல்ல. ராப்பைத் தனியே குற்றம் சாட்ட அவை உதவா. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, அலபாமா மாநிலத்தின் 522 கறுப்பினப் பதின்வயதுப் பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்தது. ராப் வீடியோக்களை அதிகம் பார்த்தவர்கள் ஆசிரியரைத் தாக்கியிருக்கவும், கைதாகியிருக்கவும், பாலியல் நோய்த் தொற்றுக்கு ஆளாகியிருக்கவும் கூடுதல் வாய்ப்பு இருந்தது என்றது. வீடியோதான் காரணமா, அல்லது வீட்டில் பெரியவர்களின் கவனிப்பு இல்லாத பெண்களே வீடியோவையும் அதிகம் பார்த்தார்களா என்பதை இத்தகைய ஆய்வால் முழுதாகப் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெண்ணைப் பண்டமாகவும் வசைச்சொல்லாகவும் ஆக்கிய வரிகளை இந்த இசை ஏராளமாக விற்றது. என்.டபிள்யூ.ஏ. குழுவின் டாக்டர் டிரே 1991-இல் டீ பார்ன்ஸ் என்ற பெண் தொகுப்பாளரை ஒரு விருந்தில் வைத்துத் தாக்கினார்; வழக்கில் குற்றச்சாட்டை அவர் எதிர்க்கவில்லை. அதன் பிறகும் அவருடைய புகழுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. 1990-களில் இதை எதிர்த்து வீதிக்கு வந்த குடிமை உரிமைப் போராளி டிலோரஸ் டக்கர் கறுப்பினப் பெண். அவரைப் பாடகர்கள் கேலி செய்தார்கள். அவர் கேட்ட தடையை நான் ஏற்கவில்லை, ஆனால் அவருடைய கோபம் முற்றிலும் நியாயமானது. எல்லோரும் துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், இந்த இசை உண்மையிலேயே செய்த கேடு பேசப்படாமலே போனது.

எதிர்வாதங்களில் ஆக வலுவானது சிகாகோ. அங்கே 2010-களில் எழுந்த 'டிரில்' வகை ராப்பில், எதிர்க்கும்பலில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லியே இளைஞர்கள் ஏளனம் செய்தார்கள். 2012 செப்டம்பரில் அப்படிப் பாடிய 18 வயதுப் பாடகர் லில் ஜோஜோ சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 ஆகஸ்ட்டில், இறந்துபோன எதிரிகளை இழித்து வீடியோ வெளியிட்ட பாடகர் எஃப்பிஜி டக், நகரத்தின் பணக்காரக் கடைவீதியில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஆறு பேர் 2024-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இங்கே பாட்டுக்கும் ரத்தத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது? சமூகவியலாளர் ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட் சிகாகோ தென்பகுதியின் டிரில் இளைஞர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகி, 2020-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீடியோவில் காட்டும் வீரம் பெரும்பாலும் மிகை என்று அவர் கண்டார். வேலையோ வருமானமோ இல்லாத பையன்களுக்கு, தாங்கள் பயங்கரமானவர்கள் என்று காட்டிக்கொள்வது மட்டுமே பார்வைகளையும் பணத்தையும் கொண்டுவந்தது. அந்த நடிப்பே பிறகு அவர்களைக் குறியாக்கியது. தெருவில் தனியே நடக்கக்கூட முடியாதபடி செய்தது. ஆக, பாட்டு ஏதுமறியாத கேட்பவனைக் கொலைகாரனாக்கவில்லை. ஏற்கெனவே கையில் துப்பாக்கியும் மனத்தில் வஞ்சமும் இருக்கும் இரு தரப்புக்கு நடுவே அது எண்ணெய் வார்த்தது. முதலில் எரிந்ததும் பாடியவன்தான்.

அந்த எண்ணெயை விற்றுக் காசு பார்த்தவர்களைக் கேள்வி கேட்க வேண்டும். ராப் என்றாலே ரத்தம் என்பது வரலாறு அல்ல. 1987-இல் நண்பர் ஸ்காட் லா ராக் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ராப் பாடகர் கேஆர்எஸ்-ஒன் தொடங்கிய வன்முறை எதிர்ப்பு இயக்கம், 1989-இல் பல பாடகர்களைச் சேர்த்து ஒரு பாட்டு வெளியிட்டு அதன் வருவாயை நேஷனல் அர்பன் லீக் அமைப்புக்குக் கொடுத்தது. மறு ஆண்டு, மேற்குக் கரையின் கேங்ஸ்டா ராப் பாடகர்களே ஒன்றுகூடிக் கும்பல் சண்டைக்கு எதிராகப் பாடினார்கள். பப்ளிக் எனிமி போன்ற அரசியல் ராப் குழுக்கள் ஒரு தலைமுறைக்கு வரலாறு கற்பித்தன. ஆனால் நிறுவனங்கள் எதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தள்ளின என்பதை விற்பனையே தீர்மானித்தது. கண்டனம் முற்றியபோது ஊடகப் பெருநிறுவனமான டைம் வார்னர் 1995-இல், கேங்ஸ்டா ராப் வெளியிட்ட இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை விற்றது. அடுத்த ஆண்டே வேறொரு பெருநிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. கடையின் உரிமையாளர் மாறினார், சரக்கு மாறவில்லை. இன்று அந்த இடத்தில் வீடியோ தளங்களின் கணினி நிரல்கள் உட்கார்ந்திருக்கின்றன. எந்த வஞ்சப் பாட்டை எத்தனை பேர் கண்ணில் காட்டுவது என்று முடிவெடுப்பவை அவைதான். அந்தத் தளங்களின் முதலாளிகள் யாரும் கொலை வழக்கில் கூண்டேறியதாகத் தெரியவில்லை.

பாடகர்களோ ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்க அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் ராப் வரிகளை ஒப்புதல் வாக்குமூலம்போல நீதிமன்றத்தில் வாசிக்கிறார்கள். ஜார்ஜியாவில் யங் தக் என்ற பாடகர் மீதான வழக்கில் அவருடைய பாடல் வரிகள் சான்றுகளாக அனுமதிக்கப்பட்டன. கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் 1955-இலேயே, ஒருவனைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லும் கைதியின் பாட்டைப் பாடிப் புகழ்பெற்றார். அவரை யாரும் விசாரிக்கவில்லை. இது வெறும் ஒப்பீடு அல்ல. 1990-களில் உளவியலாளர் கேரி ஃபிரைட், காவலரைக் கொல்வது பற்றிய பழைய நாட்டுப்புறப் பாட்டு ஒன்றின் வரிகளை எடுத்து, சிலரிடம் ராப் என்றும் வேறு சிலரிடம் கன்ட்ரி இசை என்றும் சொல்லிக் கொடுத்தார். ராப் என்று நம்பியவர்களுக்கு அதே வரிகள் அதிக ஆபத்தானவையாகத் தெரிந்தன. கலிஃபோர்னியா 2022-இல் இயற்றிய சட்டம், படைப்பைச் சான்றாக ஏற்குமுன் அதனால் ஏற்படக்கூடிய ஓரவஞ்சனையை நீதிபதி எடைபோட வேண்டும் என்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு உண்மையான மிரட்டல் விடுத்தால் அதைத் தண்டிக்கப் பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் பாட்டுக்கென்று தனிக் குற்றம் தேவையில்லை.

இது தொலைதூரச் சங்கதி அல்ல. பஞ்சாபில் துப்பாக்கிப் பெருமை பாடிய ராப் பாடகர் சித்து மூஸேவாலா 2022 மே 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய நாள் மாநில அரசு 424 பேரின் பாதுகாப்பைக் குறைத்த பட்டியலில் அவரும் இருந்தார். கொலைத் திட்டத்தின் மூளையாகக் குற்றம் சாட்டப்பட்ட கும்பல் தலைவரோ அப்போது திகார் சிறையில் இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் பஞ்சாப் அரசு ஆயுதங்களைப் போற்றும் பாடல்களுக்குத் தடை விதித்தது. ஆயுத உரிமங்களை மறுஆய்வு செய்யவும் உத்தரவிட்டது. இரண்டாவதுதான் அரசு செய்ய வேண்டிய வேலை. சிறைக்குள்ளிருந்து கும்பலை நடத்த முடிகிறது என்றால் பழுது சிறையில் இருக்கிறது, பாட்டில் இல்லை. சாதிக்கு எதிராகக் கானாவையும் ராப்பையும் ஒன்று சேர்த்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் 2018-இல் மேடையேறியதிலிருந்து, தமிழிலும் இந்த இசைக்கு ஓர் அரசியல் குரல் உண்டு. பாட்டுக்குத் தடை போடும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால், அது ரவுடியைப் போற்றும் பாட்டோடு நிற்காது; காவல் நிலையத்தையும் ஆணவக் கொலையையும் கேள்வி கேட்கும் பாட்டின் மேல்தான் முதலில் பாயும். ஆகவே ஆட்சியாளர்களிடம் வேண்டுவது இதுதான்: துப்பாக்கியைப் பறிமுதல் செய்யுங்கள், பாட்டை விட்டுவிடுங்கள். பெற்றோரும் ஆசிரியர்களும், பிள்ளைகள் கேட்கும் ராப்பை ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். அதில் பெண்களைப் பற்றிச் சொல்லப்படுவது சரிதானா என்று அவர்களிடமே கேளுங்கள்.