உழைச்செல்வானும் மலைப் பிள்ளையும்

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக்குகிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்று பரிமேலழகர் அவனுக்குப் பொருள் உரைப்பார். செவிலியென்று கொள்வாரும் உளர். மருந்தாளுநர் என்று கொள்வதே நமக்கு உவப்பு. தமிழ்ப் புனைகதையில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை, உழைச்செல்வானைத்தான் காணோம். அது வேறொரு கட்டுரைக்குரிய வழக்கு, நிற்க.

1948ஆம் ஆண்டின் பார்மசிச் சட்டம், 42ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருந்தாளுநரன்றி வேறெவரும் மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து வழங்கலாகாது என்கிறது. சட்டம் இருக்கிறது, சான்றிதழைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிற வழக்கமும் இருக்கிறது. சுவரில் சட்டமிட்டுத் தொங்குபவர் ஒருவர், மாத்திரை எண்ணித் தருபவர் வேறொருவர். நகரத்தில் இந்தக் கடை இல்லையேல் அடுத்த கடை. மன்னவனூரிலும் கிளாவரையிலும் நெடுங்காலம் சாலையே காணாதிருந்த வெள்ளகெவியிலும் அடுத்த கடைக்கு எங்கே போவது? அளவு தவறிய மருந்தின் விலையை அங்குள்ளவர்தாம் முழுதாகக் கொடுக்கிறார்கள்.

அந்த ஊர்களுக்குத் திரும்பி வரக்கூடிய மருந்தாளுநர் யார்? அங்கே பிறந்த பிள்ளைதான். அப்பிள்ளை பி.பார்ம் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வழியைப் பாருங்கள். இடம் ஒதுக்குவது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. அளவுகோல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே. நீட் இல்லை என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நீட்டில் இடம் கிட்டாதவர்களும், மறுமுறை எழுதும்வரை ஒதுங்க நிழல் தேடுகிறவர்களும் இதே வரிசையில்தான் வந்து நிற்கிறார்கள். மருத்துவராகத் துடிப்பவருக்கு இது ஆறுதல் பரிசு. உண்மையிலேயே மருந்தாளுநராக விரும்பும் பூம்பாறைப் பெண்ணுக்கு அதுவே முதற்பரிசு. தரவரிசைப் பட்டியலுக்கு இந்த வேற்றுமை தெரியாது. அரசுக் கல்லூரி என்றால் மலைக்கு அண்மையில் மதுரை. அங்குள்ள சில இடங்களுக்கே இத்தனை நெரிசல். தனியார் கல்லூரிக் கட்டணத்தைப் பூண்டு விளைச்சலை நம்பியிருக்கும் வீடு எப்படிக் கட்டும்? மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டைக் கொண்டு கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாது.

பளியர் வீட்டுப் பிள்ளையின் பாடு இன்னும் ஒரு படி மேல். பழங்குடியினருக்கு ஒதுக்கீடு 1 விழுக்காடு. அதற்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தர இயலாது, கோட்டாட்சியர் தர வேண்டும். விண்ணப்பம் இணையவழிக்கு மாறிவிட்டதே என்பீர்கள். விண்ணப்பம் மாறியது. சான்றிதழுக்கான அலைச்சல் கால்நடையாகவே நடக்கிறது.

மலைக்கென்று தனி விதி கேட்பது தகுதியைக் குலைக்குமென்று நெற்றி சுருக்குவோர் இருப்பர். அவர்களிடம் ஒன்று கேட்போம். மலைப்பகுதியில் பணியாற்றும் அரசு மருத்துவர் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தால், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என, முப்பது விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தரும் விதி இந்நாட்டில் உண்டு. சரியான விதி, நாம் அதை எதிர்க்கவில்லை. மூன்றாண்டு மலையில் இருந்துவிட்டு இறங்கிப் போகிறவருக்கு முப்பது. பதினேழு ஆண்டு அங்கேயே வளர்ந்து, பனியிலும் மழையிலும் பேருந்துக்குக் காத்திருந்து படித்த பெண்ணுக்கு, மலை என்பதற்காக ஒற்றை மதிப்பெண்ணும் இல்லை. வந்து போவது தகுதி, பிறந்து வளர்ந்தது தகுதியன்று என்பது எந்த நூலின் அறம்?

நாம் கேட்பது பெரிதன்று. மலை வட்டாரப் பள்ளியில் முழுக்கப் படித்தவருக்கு அரசுக் கல்லூரிகளின் பி.பார்மில் தனி ஊக்க மதிப்பெண். பெறுகிறவர், படிப்பு முடிந்ததும் மலை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சில ஆண்டு பணியாற்ற ஒப்ப வேண்டும். விண்ணப்பக் காலத்தில் ஒரு வாரமேனும் சான்றிதழ் வழங்குவோரும் சரிபார்ப்போரும் கொடைக்கானலில் ஒரே கூரையின்கீழ் அமர வேண்டும். கோடை விழாவுக்கு ஆண்டுதோறும் மேலேறி வர அலுவலர்களுக்கு வழி தெரிகிறது, அதே சாலைதான்.