பிஸியா இருந்தா போதுமா?

"ஒன்பதாம் மாசம் வரை வேலைக்கு வரலாமா மேடம்?" எங்க கிளையில் ஒரு பெண் கேட்டாள். ஊரிலிருந்து அம்மா வரும்வரை லீவைத் தொடக்கூடாதாம். வெளியூரில் இருக்கும் நமக்கெல்லாம் தெரிந்த கணக்குதானே!

2008-ல் புனேயில் நானும் அதே கணக்குதான் போட்டேன். போனில் அம்மா "அசையாம படுடி" என்பார். மாமியார் "குனிஞ்சு வீட்டைப் பெருக்கும்மா, சுகப்பிரசவம் ஆகும்" என்பார். நானோ கேஷ் கவுண்டரில் நாள் முழுக்க ஒரே நாற்காலி. கால் வீங்கி செருப்பு நுழையாது. "எவ்வளவு சுறுசுறுப்பு!" என்று பாராட்டு வேறு.

என்னைக் கேட்டால், பிஸி வேறு, நடமாட்டம் வேறு. டாக்டர் தடை சொல்லாத கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நடை, அவ்வளவுதான். ஆபீசிலும் மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். ரத்தக்கசிவு, தலைசுற்றல், குழந்தையின் அசைவு குறைவு என்றால் உடனே டாக்டர்.

முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வார லீவு, அதில் 8 வாரம் வரை முன்பே எடுக்கலாம் என்று 2017-லேயே சட்டம் வந்தாச்சு. முடியாதபோது எடுங்கம்மா. தியாகிப் பட்டம் யாருக்கு வேணும்?