பார் பார்க்காமல் பாசி வளர்ப்பதா?

தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பிறகு முத்துச் சலாபம் நடக்கவில்லை. நடந்த காலத்தில் ஒரு முறைமை இருந்தது. முக்குளிப்பவர்களை இறக்கி, பார்கள் எனப்படும் முத்துச்சிப்பிப் படுகைகளிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்து, வயதையும் விளைச்சலையும் கணித்த பிறகே சலாபத்துக்கு நாள் குறித்தார்கள். சிப்பி முற்றவில்லையென்றால் ஆண்டுக்கணக்கில் யாரும் பாரைத் தொடக் கூடாது. வருவாயே குறியாக இருந்த வெள்ளை அரசுக்கு இருந்த இந்த நிதானம்கூட இன்று கடற்பாசி வளர்ப்பில் இல்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசிக்கு ஒதுக்கியது 640 கோடி ரூபாய். 2025க்குள் எட்ட வைத்த இலக்கு 11 லட்சம் டன்னுக்கு மேல். எத்தனை டன் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, கடல் எவ்வளவு தாங்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம் என்பது திட்டமிடல் அல்ல, பொறுப்பின்மை.

மீனவர்கள் 'பெப்சி பாசி' என்று அழைக்கும் கப்பாஃபைகஸ் இந்த மண்ணுக்கு உரியதல்ல. பிலிப்பைன்ஸில் தோன்றியது; 1984இல் ஜப்பானிலிருந்து மத்திய அரசின் உப்பு, கடல் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் கொண்டுவந்தது. பிறகு மண்டபம் கரையில் மூங்கில் மிதவைகளில் ஏறியது. 45 நாளில் அறுவடை, கைக்குக் காசு. ஆனால் ஒடிந்து விழும் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக முளைக்கக்கூடும். 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளப்பாறைகள்மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெளிச்சம் மறைந்தால் பவளம் செத்துப்போகும். ஹவாய்த் தீவுகளின் கானியோஹே விரிகுடாவில் 1970களில் விட்ட இதே இனத்தை, பின்னாளில் கடலடியிலிருந்து உறிஞ்சியெடுக்க இயந்திரமே செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பாடம் நம்மவர்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு மத்திய நிறுவனம் கொண்டுவந்தது, ஒரு மத்தியத் திட்டம் மானியம் தருகிறது, பாறையில் ஒட்டியதைக் கையால் பிய்த்தெடுக்கும் வேலை மட்டும் மாநில வனத்துறையின் தலையில். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் நாட்டுப் பாசிகளை எடுத்துப் பிழைத்த மீனவப் பெண்களை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளின் பக்கமே வரவிடாத தேசியப் பூங்காச் சட்டம், அயல் பாசியைத் தடுக்கவில்லை. யாருக்கான பாதுகாப்பு இது?

தமிழக அரசு 2005இல் ஆணை போட்டது. அயல் பாசியைப் பாக் விரிகுடாவின் வடபுறமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டுமே வளர்க்கலாம் என்றது. காகிதத்தில் கோடு கிழித்தாயிற்று. பருவக்காற்று மாறும்போது நீரோட்டமும் திசை மாறும். வடகிழக்குப் பருவத்தில் பாம்பன் வாய்க்கால் வழியே பாக் விரிகுடாத் தண்ணீர் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கும். ஒடிந்த துண்டுக்கு அரசாணை தெரியாது. தெற்கே காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு எனப் பார்கள் நீள்கின்றன. அங்கே கதவைத் திறந்து வைத்தது எந்தக் கணக்கில்?

தூத்துக்குடி ஏற்கெனவே இழந்திருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி விலாங்குச்சல்லித் தீவு நீருக்குள் போனது. வான் தீவு கரைந்து சுருங்கியது. அலையைத் தடுக்க இப்போது செயற்கைப் பாறைகளை இறக்குகிறார்கள். வெட்டியவன் லாபம் பார்த்தான், கட்டுகிறவன் வரிப்பணத்தில் கட்டுகிறான். பாசியிலும் இதே கணக்கு நடக்க விடக் கூடாது.

மிதவை கட்டும் பெண்கள்மேல் எங்களுக்குப் பிணக்கில்லை. அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் இதையே கொடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பார்களையும் பவளத்திட்டுகளையும் நீரோட்டத்தையும் அளந்து, மிதவை எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று வரைபடம் போட்டு ஊர்க்கூட்டங்களில் வையுங்கள். கஞ்சிப்பாசி போன்ற நம் இனங்களுக்கு நியாயமான கொள்முதல் விலை கட்டுங்கள். தீவுகளைத் துப்புரவாக்கும் செலவை வனத்துறையிடமிருந்து எடுத்துக் கடற்பாசித் திட்டத்தின் கணக்கிலேயே எழுதுங்கள். இவை நடக்கும்வரை அயல் பாசிக்கான புதிய மிதவை ஒன்றுக்கும் மானியம் தரக் கூடாது.